ஒர்பாளுக்கு நான் கட்டிய புதுச்சேலை

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். நல்ல சமாரியன் கதையில் ஒரு கழுதை வருகிறதல்லவா, அந்தக் கழுதையை வைத்து நான் ஒரு முழுப் பிரசங்கமே செய்திருக்கிறேன். காயம்பட்டவனைச் சுமந்த கழுதைதான் திருச்சபை. அதன் நான்கு கால்கள் நான்கு சுவிசேஷங்கள். இரண்டு காதுகள் இரண்டு ஏற்பாடுகள். இப்படியே போய் வாலுக்கு வந்தபோது கைவசம் எதுவும் மீதியில்லை. சபை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவசரத்தில், வால்தான் உபதேசியார், அதாவது நான், என்று சொல்லி ஜெபித்து முடித்துவிட்டேன். எல்லாரும் பலமாக "ஆமென்" சொன்னார்கள். அன்றைக்கு நான் சொன்ன பொருள்களில் அது ஒன்றுதான் சரியானது என்று வெளியே வந்ததும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் இருக்கிறது. போன மாதம் பண்டாரவளையில் புதிய உபதேசிமாருக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்ற பழைய சாமான் என்பதால் என்னையும் கொண்டுபோய் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். கொஸ்லந்தையிலிருந்து வந்த ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாள்: "ஐயா, ஒரு வேதப் பகுதியோட அர்த்தம் எங்க இருக்கு? எழுதுனவரு மனசுலயா, எழுத்துலயா, இல்ல வாசிக்கிற நம்மகிட்டயா?"

"தேத்தண்ணி வந்திருச்சு பாருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் தப்பித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பிள்ளையின் முகம் விடவில்லை. நேரில் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் உபதேசிப் படிப்புக்குப் போனது அறுபதுகளின் நடுவில். அங்கே எங்களுக்கு வேதத்துக்கு நான்கு பொருள் உண்டு என்று கற்றுக்கொடுத்தார்கள். எழுத்து நேராகச் சொல்வது ஒன்று. அது எதற்கு அடையாளமாக நிற்கிறது என்பது இன்னொன்று. நாம் எப்படி நடக்க வேண்டும் என்பது மூன்றாவது. கடைசியில் நாம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது நான்காவது. பழைய காலத்து வேதபண்டிதர்கள் அப்படித்தான் பார்த்தார்களாம். பிற்காலத்தவர்கள், எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், அந்த நாளில் கேட்டவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று தேடுவதே முக்கியம் என்றார்களாம். இரண்டையும் எழுதிப் பரீட்சையில் தேறினேன். நான்கு அடுக்கு டிபன் கேரியர் ஒன்றைக் கையில் கொடுத்தது போல் இருந்தது எனக்கு. தேயிலைத் தோட்டத்துக்கு ஊழியம் செய்ய வந்து நான்கு அடுக்கிலும் ஒரே கறியைத்தான் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என்னை அனுப்பியது தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு. தகரக் கூரை போட்ட சிறிய வேதக்கோயில், பக்கத்தில் எனக்கு ஓர் அறை. மழைக்காலத்தில் தகரத்தில் விழும் சத்தத்துக்கு மேலே கத்திப் பிரசங்கம் செய்ததால் என் தொண்டை பெருத்தது. தொண்டை பெருத்ததால் பெயரும் பெருத்தது.

எனக்கு மேலே இருந்தவர் பதுளையிலிருந்த ஐயர். ஊழியத்தில் மூத்த போதகர், யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர். தோட்டத்துக்கு வருகிறபோது அட்டைக்குப் பயந்து கணுக்கால்வரை சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு வருவார். மழையில் நனைந்து நடக்கும்போது காலெல்லாம் நுரை தள்ளும். அந்தக் கோலத்தில் வந்து நின்று, மிகவும் கண்ணியமாக, "என்ன, சுகமோ?" என்பார். அவரிடம் அதட்டல் கிடையாது. நீண்ட பேச்சும் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் உண்டு: "எங்கை கிடக்கு? காட்டும்."

திங்கட்கிழமைகளில் நாங்கள் உபதேசிமார் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவோம். அடுத்த ஞாயிறுக்குரிய பகுதியை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு இன்னொருவர். பிறகு மூன்றாமவர். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதன்பின் வேதத்தை மூடிவைத்துவிட்டு, வாசித்ததைச் சொல்ல வேண்டும். ஐயர் பக்கத்தில் ஒரு பால்மா டின் இருக்கும். அதற்குள் தேயிலைக் கொட்டைகள். நாங்கள் சொல்லும்போது எழுத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தால், ஒரு கொட்டையை எடுத்துச் சத்தமில்லாமல் எங்கள் முன்னால் வைப்பார். கண்டிக்க மாட்டார். கதை முடியும்போது அவரவர் சேர்த்தது அவரவர் முன்னால் குவிந்து கிடக்கும். என் பக்கத்தில் ஒரு நாற்றுமேடையே போடலாம்.

"சேர்க்கிறது பாவமில்லை" என்பார். "எல்லாரும் சேர்ப்பினம். ஆனால் எது உம்மடை சாமான், எது அவையின்ரை சாமான் எண்டு பிரிச்சுத் தெரிஞ்சிருக்க வேணும்."

கொட்டைகளை ஒதுக்கிய பிறகுதான் அடுத்த கேள்விகள். இதைச் சொல்லுவது யார்? யாரைப் பார்த்துச் சொல்லுகிறார்? எதைக் கண்டு சொல்லுகிறார்? அதற்குப் பிறகுதான் 'பொருள்' என்ற சொல்லே மேசைக்கு வரும். வருவதற்குள் எனக்குப் பசி வந்துவிடும்.

நான் அந்த மேசையில் தலையாட்டிவிட்டுத் தோட்டத்துக்கு வந்ததும் என் பாட்டுக்கு நடந்தேன். ஏனென்றால் என்னிடம் ஒரு புகழ்பெற்ற பிரசங்கம் இருந்தது. ரூத்தின் கதை. கணவன்மார் செத்துப்போன இரண்டு மருமகள்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த மாமியார் நகோமி. மாமியார் தன் சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். ரூத் கூடவே போகிறாள். ஒர்பாள் தன் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். இந்த ஒர்பாளை நான் நன்றாகக் கவனித்துக்கொண்டேன். அவளுக்குப் புதுச்சேலை கட்டிவிட்டேன், கண்ணுக்கு மை போட்டேன், இடுப்பை ஆட்டி நடக்கவிட்டேன். "போங்க அத்தே, ஒங்களோட வந்து யாரு லோல்படுறது!" என்று குரலை மாற்றிச் சொல்லுவேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவ போன பாதை எங்க முடியும்னு நான் சொல்லவா வேணும்?" என்று கீழே விரலைக் காட்டுவேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட 'ஒர்பாள் பிரசங்கம்' கேட்க ஆள் வந்தது.

எழுபதுகளில், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒரே லயத்து வரிசைவீட்டில் ஒரு காம்பரா அறைக்கு இந்தியப் பாஸ்போர்ட், அடுத்த காம்பராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஏறினவர்களும் அழுது, ஏற்றிவிட்டவர்களும் அழுது, மலையிறங்கிப் போகிற ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வந்துவிட்டது.

எங்கள் சபையில் ஞானம்மா என்று ஒருத்தி. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து, முதுகு வளைந்தும் வாய் வளையாதவள். ஒரே மகன் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் மனைவி செல்வமணி. பிள்ளை இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரே காம்பராவில் சண்டை போட்டுக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள். ஞானம்மாவுக்கு இந்தியாவுக்குப் போகிற உத்தரவு வந்தது. திருச்சிப் பக்கம் ஒரு கிராமம்; அவள் தகப்பன் பிறந்த ஊர், அவள் பார்த்ததில்லை. செல்வமணிக்கு இரண்டு வழி இருந்தது. இறந்த கணவனோடு சேர்த்துப் போட்ட விண்ணப்பத்தால் மாமியாருடன் கப்பல் ஏறலாம். இல்லாவிட்டால் பூனாகலையில் பிரஜாவுரிமை கிடைத்திருந்த தகப்பன் வீட்டுக்குப் போய் இங்கேயே இருந்துகொள்ளலாம். எது என்று சீக்கிரம் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் மாற்ற முடியாது.

ஞானம்மாவின் தம்பி சாமுவேல் கங்காணி எங்கள் சபை மூப்பர். அவருக்கு இங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. அக்காள் முன்பின் தெரியாத ஊரில் தனியாகக் கிடந்து சாகப்போகிறாளே என்று மனிதருக்குத் தூக்கமில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எல்லார் முன்னிலையிலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உபதேசியாரே, நீங்களே சொல்லிப்புடுங்க. மருமவ மாமியாளோட போவணும்னு வேதத்துல இருக்கா இல்லியா? நீங்க சொன்னதுதானே? ரூத்து போனாளா இல்லியா? அந்த இன்னொருத்தி எங்க போனா?" என்று அவரும் கீழே விரலைக் காட்டினார். அச்சு அசலாக என்னைப் போலவே.

செல்வமணி தலைகுனிந்து நின்றாள். நான், "ஜெபத்தோட பேசுவோம் கங்காணி" என்று சொல்லி நழுவினேன். தேத்தண்ணீர் இல்லாத இடத்தில் எனக்கு ஜெபம்தான் துணை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, கூடையோடு நேராக என் வாசலுக்கு வந்தாள் செல்வமணி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்த ஒர்பாள் நரகத்துக்கா போனா?"

இருபது வகையான பதில் எனக்குத் தெரியும். வேதத்தைத் தேடுகிறவன்போல உள்ளே திரும்பினேன்.

"நான் போவமாட்டேன்னு சொல்லலங்கையா. அத்தைய விட்டுட்டு எனக்கும் சோறு எறங்காது. ஆனா எங்கப்பாவும் முடியாம கெடக்காரு. எனக்கு அந்தூர நெனச்சா பயமா இருக்கு. பயந்துகிட்டு இங்கயே இருந்தா, என்னையும் ஆண்டவரு அங்கதான் அனுப்புவாரா? அத மட்டும் சொல்லிருங்க."

"நாளைக்கு ஐயரைக் கேட்டுட்டு வந்து சொல்றேம்மா" என்றேன். முழு ஊழிய காலத்திலும் நான் சொன்ன புத்தியான வார்த்தைகளில் அது ஒன்று.

அடுத்த நாள் காலைக் கோச்சியிலேயே பதுளைக்குப் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு ஐயர் டின்னை எடுத்தார். "வாசியும்." மூன்று முறை வாசித்தேன். "மூடிவைச்சிட்டுச் சொல்லும்." சொன்னேன். புதுச்சேலைக்கு ஒரு கொட்டை. மைக்கு ஒன்று. இடுப்புக்கு ஒன்று. "லோல்படுறது" என்றபோது ஐயர் இரண்டாக வைத்தார். அந்தக் குரலுக்கும் சேர்த்து என்று நினைக்கிறேன். கதை முடிந்தபோது ஒர்பாளைப் பற்றி நான் சொன்னதில் எஞ்சியது இவ்வளவுதான்: அவள் அழுதாள், மாமியை முத்தமிட்டாள், திரும்பிப் போனாள்.

நானும் விடவில்லை. "ஐயா, தன் சனத்துக்கிட்டயும் தன் தெய்வங்கள்கிட்டயும் திரும்பிப் போனாள்னு எழுதியிருக்கே! அது குற்றச்சாட்டு இல்லையா?"

"அதை ஆர் சொல்லுறது?"

"வேதம்."

"வேதத்திலை ஆர்?"

பார்த்தேன். "நகோமி."

"ஆருக்கு?"

"ரூத்துக்கு."

"ஏன் சொல்லுறா?"

திரும்பப் பார்த்தேன். 'அவள் போனாளே, நீயும் அவளுக்குப் பின்னாலே போ' என்பதற்காகச் சொல்கிறாள். போனவளைத் திட்டுவதற்காக அல்ல, நிற்கிறவளையும் அனுப்புவதற்காக.

"இப்ப அவவை நரகத்துக்கு அனுப்பினது எங்கை கிடக்கு? காட்டும்."

என் விரல் பக்கம் முழுக்க அலைந்துவிட்டு மடியில் வந்து விழுந்தது.

ஐயர் அப்போதுதான் கொஞ்சம் பேசினார். நடந்ததைச் சொல்லுகிற எழுத்து உண்டு, செய் என்று சொல்லுகிற எழுத்து உண்டு; ஒன்றை எடுத்து மற்றதாக்கினால் யாரோ ஒருவருடைய தலையில்தான் விழும் என்றார். ரூத் போனது அவள் அன்பு. அது அவள் கொடுத்தது. கொடுத்ததை எல்லா மருமகளிடமும் வரியாக வசூலிக்க முடியாது. "எழுதினவர் ஒர்பாளைப் பற்றி மேற்கொண்டு பேசாமல் விட்டிட்டார். விட்ட இடத்திலை சனம் தங்கடை கட்டிலைக் கொண்டந்து போட்டிடும். நீர் கட்டில் மட்டுமில்லை, மெத்தையும் போட்டிருக்கிறீர்."

"அப்ப செல்வமணிக்கு என்ன சொல்றது, ஐயா?"

"நான் வாறன்" என்றார்.

அந்த ஞாயிறு காலில் நுரையோடு வந்து சேர்ந்தார். பிரசங்க மேடையில் ஏறவில்லை. முன்வரிசையில் வாங்குப் பலகையைத் திருப்பிப் போட்டுச் சபையைப் பார்த்து உட்கார்ந்து, கதையை மெதுவாக, மூன்று முறை வாசித்தார். பிறகு, "இப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

சபை உற்சாகமாகச் சொன்னது. நான் சொல்லிக்கொடுத்த சபையல்லவா!

"அவ புதுச்சேல கட்டிக்கிட்டு…" என்று ஒரு பெண் தொடங்கினாள்.

"எங்கை கிடக்கு, அம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். சபை முழுக்க என்னைப் பார்த்தது. ஐயர் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, போங்க அத்தேன்னு…"

"எங்கை கிடக்கு?"

இன்னொரு கொட்டை. ஒரு கை நிறைந்து மறு கையையும் நீட்டினேன். பின்வரிசையில் யாரோ, "உபதேசியாரையா தேயிலை நேசரி போடப்போறாரு டோய்!" என்றான். கோயிலே குலுங்கியது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? கையும் நிறைந்து, மானமும் நிறைந்துவிட்டது.

சிரிப்பு ஓய்ந்தபோது ஞானம்மாவின் குரல் கேட்டது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"ஐயரே, அந்த மாமியா என்னா சொன்னா? அத இன்னொருக்காப் படிங்க."

ஐயர் வாசித்தார். நகோமி இரண்டு மருமகள்களையும் பார்த்து, உங்கள் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்கிறாள். செத்தவர்களுக்கும் எனக்கும் நீங்கள் செய்த தயவைப்போல ஆண்டவரும் உங்களுக்குத் தயவு செய்யட்டும் என்று ஆசீர்வதிக்கிறாள்.

"ரெண்டு பேருக்குமா?"

"ஓம், ரெண்டு பேருக்கும்."

"திரும்பிப் போனாளே, அவளுக்குமா?"

"அவவுக்கும்தான். அவ போக முதலே சொல்லிப்போட்டா. பிறகு அதைத் திருப்பி வாங்கினதாய் எழுதேல்லை."

சாமுவேல் கங்காணி எழுந்துவிட்டார். "அப்ப வேதம் என்னாதாங்க சொல்லுது? அந்தப் புள்ள போவணுமா, வேணாமா?"

"ரெண்டும் சொல்லேல்லை, கங்காணியார்."

"அப்பறம் அத எதுக்குங்க படிக்கிறோம்?" அவர் குரல் உடைந்தது. கோபமில்லை அது. "எங்க அக்கா தனியாப் போறாங்க ஐயா."

ஐயர் வேதத்தை மூடிவிட்டு எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஓம். அவையும் ரோட்டிலை நிண்டு சத்தமிட்டு அழுதிருக்கினம் எண்டு ரெண்டு தரம் எழுதிக் கிடக்கு. அதைத்தான் என்னாலை உங்களுக்குக் காட்ட ஏலும்" என்றார். கங்காணியார் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு சில நாள் அந்தக் காம்பராவில் சண்டைச் சத்தமே இல்லை என்று லயத்தில் பயந்தார்கள். பிறகு ஒரு பின்னேரம் ஞானம்மா ஜெபிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் வேதத்தைத் திறக்கும் முன்பே மருமகளைப் பார்த்துத் தொடங்கிவிட்டாள்.

"இந்தா, நீ பூனாகலைக்குப் போ. ஒங்கப்பனப் பாரு."

"ஒங்க காலுக்கு யாரு அத்தே எண்ண தேய்ப்பா?"

"கப்பல்ல ஆளு இருக்கும், போடி. நம்ம சுப்பையா குடும்பமும் இதே கப்பல்லதான் வருது. தம்பி பேசிட்டான்."

"நான் வாரேன் அத்தே."

"வந்து? அந்தூருல நீ ஒரு பக்கம் அழுவ, நான் ஒரு பக்கம் அழுவேன், யாரு சோறாக்குறது? நான் ஒண்ணும் அந்த நகோமி மாரி நல்ல மனுசி இல்ல. ஒன்னயக் கூட்டிட்டுப் போவணும்னுதான் இருந்தேன். ஆனா அந்த அம்மா ரெண்டு பேரையும் வாழ்த்திப்புட்டு நிக்கிறா. நான் மட்டும் கொறஞ்சவளா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "என்னா பாக்குறீங்க? ஜெபத்தப் பண்ணுங்க."

நான் பண்ணினேன். நல்ல ஜெபமாக இல்லை. பாதியில் மூக்கு ஒழுகிவிட்டது.

தெமோதரை ஸ்டேஷனில் அழுகைக் கோச்சி வந்து நின்றபோது செல்வமணி மாமியாரின் காலில் விழுந்தாள். ஞானம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றியோரத்தில் வைத்து நெட்டி முறித்தாள். அத்தனை சத்தத்திலும் எனக்கு அந்த விரல்களின் சடசடப்பு கேட்டது. ஒர்பாள் மாமியை முத்தமிட்டாள் என்று எழுதியிருப்பதைக் காலமெல்லாம் வாசித்திருக்கிறேன். அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். திங்கட்கிழமை மேசையில் இதைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் முத்தம் என்றால் நெட்டிதான் ஐயா, என்றேன். எழுத்தில் இல்லாததைச் சேர்த்தேன் என்று ஐயர் ஒரு கொட்டையை எடுத்தார். விரல்களுக்கிடையில் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு டின்னுக்குள்ளேயே போட்டுவிட்டார்.

அந்தத் தங்கச்சிக்கு என் பதில் ஏறக்குறைய அதுதான். எழுத்திலா, எழுதினவரிடமா, நம்மிடமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை, முதலில் நம் கொட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் சில கொட்டைகள் டின்னுக்குள் திரும்பிப் போகின்றன. எவை என்று சொல்லும் சட்டம் என்னிடம் இல்லை. ஐயரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. உருட்டிப் பார்க்கும் விரல்கள்தான் இருந்தன.

ஞானம்மா திருச்சிப் பக்கத்தில் வெயிலைத் திட்டிக்கொண்டு நன்றாக இருப்பதாகக் கங்காணியார் அவ்வப்போது சொல்லுவார். 'ஒர்பாள் பிரசங்கம்' நின்றுபோனது. கேட்டு வந்தவர்களுக்குக் கழுதையைக் கொடுத்து அனுப்பினேன்.

சில வருடங்கள் கழித்து, ஐயர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போன பின்பு, நான் பூனாகலைப் பக்கத்துச் சபைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு வைப்பது உபதேசியார் வேலை. வரிசையில் செல்வமணி நின்றாள். மறுமணம் செய்திருந்தாள், புருஷன் கொழுந்து லொறியில் வேலை. கையில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தை.

"அடடே! என்னம்மா பேரு வெக்கப்போறீங்க? ரூத்தா?" என்றேன், கெட்டிக்காரத்தனமாக.

"ஒர்பாள்."

புருஷன் கூரையைப் பார்த்தான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"யாரும் வெக்காத பேரும்மா இது. நாளைக்கு ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நின்னு நான் வாசிக்கணும், சபை சிரிக்கும். என்னா பேரு இதுன்னு கேட்டா நான் என்னாம்மா சொல்றது?"

செல்வமணி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேதத்துல இருக்குற பேருதானே, ஐயா."